பேப்பரில் போட்டால் நடந்ததாகிவிடுமா?

2019 தீபாவளிக்கு மறுநாள், பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியின் மஞ்சிக்கண்டிக் காட்டில் மூன்று மாவோயிஸ்டுகளைக் கேரளப் போலீசின் தண்டர்போல்ட் படை சுட்டுக் கொன்றது. அடுத்த நாள் பிரேதங்களைப் பரிசோதிக்கப் போன இடத்தில் மறுபடி துப்பாக்கிச் சூடு. நான்காவதாக விழுந்தவர் நம் சேலத்து மணிவாசகம். படையினரில் ஒருவருக்கும் காயமில்லை.

தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள ஆனைகட்டி டீக்கடையில் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அதான் பேப்பர்லயே போட்டுட்டாங்களே, அப்புறம் என்ன தம்பி?" என்றார். அவர் மட்டுமல்ல, படித்தவர்களும் இதையேதான் நம்புகிறார்கள்.

பேப்பரில் போட்டது என்ன? இறந்தவர்களில் ஒருவர் சிக்மகளூர் ஸ்ரீமதி என்று முதல் நாள் செய்தி சொன்னது. அதே ஸ்ரீமதியை 2020 மார்ச்சில் தமிழ்நாடு கியூ பிரிவு போலீஸ் இதே ஆனைகட்டிப் பக்கம் உயிரோடு கைது செய்தது. செத்தது யார் என்பதே சரியாகத் தெரியாத நேரத்தில், எப்படிச் செத்தார்கள் என்பதை மட்டும் உறுதியாக அச்சடித்தது எப்படி? காட்டுக்குள் எந்த நிருபரும் நின்று பார்க்கவில்லை. போலீஸ் சொன்னது, செய்தியானது.

அன்றைய கேரள முதல்வர் பினராயி விஜயன், தற்காப்புக்காகச் சுட்டார்கள் என்றார். அவர் கூட்டணியிலேயே இருந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி, போலி மோதல் என்றது. ஆளுங்கூட்டணிக்குள்ளேயே இரண்டு பேச்சு இருக்கும்போது, பத்திரிகை அவற்றில் ஒன்றை மட்டும் உண்மையாக்கித் தலைப்பில் ஏற்றுவது அநியாயம்.

துப்பாக்கி ஏந்திய அரசியலை நான் ஏற்பவனல்ல. ஆனால் என்கவுன்டர் சாவு ஒவ்வொன்றுக்கும் வழக்குப் பதிவும் மாஜிஸ்திரேட் விசாரணையும் வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் பதினாறு நெறிகளை வகுத்தது. வீரம் ஐயமற நிரூபணமாகும் வரை உடனடிப் பதவி உயர்வோ விருதோ கூடாது என்பதும் அதில் ஒன்று. நீதிமன்றம் நிறுத்தி வைக்கச் சொன்ன பதக்கத்தை மறுநாள் காலையே தலைப்பில் குத்திவிடுகிறோம். 'வேட்டை', 'அதிரடி', 'வெற்றி' என்ற சொற்கள் வந்து விழுந்தபின், விசாரணை கேட்பவன் தேசத் துரோகியாகிவிடுகிறான்.

போலீஸ் சொன்னது பின்னால் பொய்த்துப்போனதும் உண்டு. 1970 பிப்ரவரியில் வயநாட்டுத் திருநெல்லிக் காட்டில் நக்சல் வர்கீஸ் மோதலில் செத்தார் என்றுதான் போலீஸ் சொன்னது. பிடிபட்டு நின்ற மனிதரை மேலதிகாரி உத்தரவுப்படி தானே சுட்டதாகக் காவலர் ராமச்சந்திரன் நாயர் 1998-இல் வாய் திறந்தார். 2010-இல் கொச்சி நீதிமன்றம் அந்த மேலதிகாரியான, ஓய்வுபெற்ற ஐ.ஜி. லட்சுமணாவுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சுட்டவரே சொல்லும் வரை, இருபத்தெட்டு வருஷம், அரசுக் கணக்கில் அது மோதல்தான்.

மஞ்சிக்கண்டிச் செய்தியை எழுதியவர்கள் "போலீஸ் கூறுகிறது" என்ற இரண்டு சொல்லைத் தலைப்பிலேயே சேர்த்திருக்கலாம். அதற்கு இடம் இருந்தது.