பாடாத பாட்டுக்கு ஆடிய இருவர்

ஆடலுக்கென எழுதப்படும் இசை, அடிவைப்புக்குத் தாளங் கொட்டும் ஏவலாளேயன்றிப் பிறிதில்லை என்று கருதுவோர் மேனாட்டிலும் உளர். அன்னார் ஒருமுறையேனும் கேட்கத்தக்கது, போல் ஹிண்டெமித் என்னும் ஜெர்மானிய இசைஞர் இருவர் ஆடுதற்கென இயற்றிய ‘எரோடியாட்’.

நாத்சி அரசின் வெறுப்புக்காளாகித் தாயகம் நீங்கிய அவர், அப்பொழுது அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக ஆசிரியர். எலிசபெத் ஸ்பிறேக் கூலிட்ஜ் அம்மையார் பொருளுதவ, நடனமேதை மார்தா கிரகாமுக்காக எழுந்த இவ்விசை, 1944 ஒக்டோபர் 30இல் வாஷிங்டன் காங்கிரஸ் நூலக மண்டபத்தில் அரங்கேறிற்று. மண்டபம் சிறிது, வாத்தியங்களும் 11 மட்டுமே. அதே இரவில் அரங்கேறிய ஆரன் கோப்லண்டின் ‘அப்பலேச்சிய வசந்தம்’ 1945இல் புலிற்சர் பரிசு பெற்று உலகப்புகழ் எய்தியது. எரோடியாட்டை அறிந்தோர் சிலரே.

மேடையில் கண்ணாடிமுன் ஒரு பெண். அருகே அவள் பணிப்பெண். தனக்கு வரவிருப்பது யாதென அறியாமலே அதற்குத் தன்னை ஒருப்படுத்துகிறாள். கதை இவ்வளவே. யோவானின் தலையை எதிர்பார்த்து வருவோர் ஏமாறுவர்! இசாமு நொகுச்சி அமைத்த கண்ணாடியோ எலும்புகளை இணைத்தாற் போன்றது.

இசைக்கு அடிப்படை, பிரெஞ்சுக் கவிஞர் மல்லார்மே 1864இல் தொடங்கி, 1898இல் இறக்கும்வரை முடிக்காத கவிதை. அதில் எரோடியாட்டும் செவிலியும் உரையாடும் பகுதியை ஹிண்டெமித் எடுத்துக்கொண்டார். பிரெஞ்சுச் சொற்களின் ஏற்ற இறக்கத்தையொட்டி மெட்டமைத்தார். அமைத்த மெட்டை வாத்தியங்களிடமே கொடுத்துவிட்டார். பாடுவார் எவருமிலர். நம் பரதத்தில் பதத்தின் சொல் காதில் விழ, அதன் பொருளைக் கை காட்டும். இங்கே சொல் குழலுக்குள்ளும் நரம்புக்குள்ளும் மறைந்துவிட, ஆடுவோர் அதற்கு அபிநயம் பிடிப்பதுமில்லை.

இக்காலத்தில் சிலர், இசை நிகழும்போதே கவிதையையும் உரக்க வாசிக்கின்றனர். இது தகாது என்பதே என் துணிபு. மெட்டாகிவிட்ட சொல்லை மீண்டும் வாயாற் சொன்னால், செவி வாசிப்போரிடம் சென்றுவிடும்; குழலின் தயக்கம் யாருக்குக் கேட்கும்? ஆடல் உடனிருப்பின் கேடு பெரிது. ஒவ்வோர் அடிக்கும் சொல்லில் விளக்கந் தேடிக் கண் அலையும். அரங்கேற்றத்தன்று ஆடலுக்கு இட்டிருந்த பெயர்கூடக் கவிதையின் பெயரன்று. ‘என்முன் கண்ணாடி’ என்பதே அது.

கவிதை அறியாதார்க்குப் பாதி இன்பம் போய்விடுமே என்பர். உண்மைதான். அதனை நிகழ்ச்சித்தாளில் அச்சிட்டு, விளக்கணையுமுன் படிக்கக் கொடுக்கலாம். திரை எழுந்தபின் வேண்டாம்.