ஒரு நாள் சீரும் மாதாந்திரச் செலவும்

புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கைப் பக்கத்து ஊர்களில் சில ஆண்டுகளாகக் 'கல்விச் சீர்' கொண்டுபோகும் வழக்கம் பரவியிருக்கிறது. பீரோ, மின்விசிறி, நாற்காலி, சாப்பாட்டுத் தட்டு, குடிநீர்க் குடம், நோட்டுப் புத்தகம், கூடவே தேங்காய் பழத் தட்டு. தாய்மாமன் வீட்டிலிருந்து வருவதுபோல மேளதாளத்தோடு ஊரே நடந்து அரசுத் தொடக்கப்பள்ளிக்குப் போகிறது. வாசலில் ஆசிரியர்கள் சந்தனம், குங்குமம் கொடுத்து வரவேற்கிறார்கள். தனியார் பள்ளி வேன்கள் தெருத்தெருவாக வந்து பிள்ளைகளை ஏற்றிப்போகும் காலத்தில், இது எங்கள் பள்ளி என்று ஓர் ஊர் பகிரங்கமாகச் சொல்வது பெரிய காரியம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால், அந்த வரிசையில் வராதவை சில உண்டு. கழிவறையைத் தினமும் கழுவுகிறவருக்கு மாதச் சம்பளம். மாலையில் இரண்டு மணி நேரம் பிள்ளைகளை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லும் உள்ளூர்ப் பட்டதாரிக்கு ஒரு தொகை. அப்பா குடித்துவிட்டு அடித்ததில் அம்மாவோடு பாட்டி வீட்டுக்குப் போய்விட்ட சிறுமி பள்ளிக்கு வராமல் நின்றால், தேடிப்போய் விசாரிக்க ஓர் ஆள். ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் படிப்பைத் தொடர்வதும் விடுவதும் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைக் காரியத்தில்தான் இருக்கிறது. பீரோவின் மேல் கொடுத்தவர் பெயரை எழுதலாம். வீடு தேடிப் போகும் கால்களுக்கு ஆகும் செலவில் எதை எழுதுவது? அதனாலேயே அதற்குப் பணம் கிடைப்பதில்லை.

நம் ஊர்களில் கொடுக்கும் மனம் குறைந்துபோகவில்லை. மாதம் தவறாமல் கொடுக்கவைக்கும் ஏற்பாடுதான் குறைந்துபோயிற்று. அப்படி ஓர் ஏற்பாடு இங்கே இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விருதுபட்டி (1923க்குப் பிறகு விருதுநகர்) வணிகத்தில் எழுந்துவந்த ஊர். அங்கிருந்த நாடார்களுக்குக் கையில் காசு வந்தது; கோயிலுக்குள் நுழையும் உரிமை வரவில்லை. அவர்கள் கண்டுகொண்ட வழி, உறவின்முறை என்ற சமூகச் சங்கமும் மகமை என்ற பொது நிதியும். சந்தையில் கைமாறும் ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று ஒரு சிறு தொகை பொது நிதிக்குப் போகும். லாபமா நஷ்டமா என்ற கேள்வியே இல்லை, சரக்கு நகர்ந்தால் மகமை உண்டு. அந்த நிதியில் கிணறு வெட்டினார்கள், கோயில் கட்டினார்கள், 1880களில் சத்திரிய வித்யாசாலா பள்ளியைத் தொடங்கினார்கள். வியாபாரிகளின் மகமையோடு வீடுகளின் பிடியரிசியும் சேர்ந்துகொண்டது. உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை வீட்டுப் பெண்கள் தனியாக எடுத்துவைப்பார்கள்; அதைச் சேர்த்து விற்ற காசு பள்ளிக்குப் போகும். தந்தையைச் சிறு வயதிலேயே இழந்த காமராஜர் சம்பளம் கட்டாமல் படித்தது அந்தப் பள்ளியில்தான்.

பிடியரிசியில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. யார் வீட்டு அரிசியில் யார் பிள்ளை படித்தது என்று எவராலும் சொல்ல முடியாது. கொடுத்த வீட்டுப் பிள்ளையும் கொடுக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இன்று நோட்டுப் புத்தகம் வாங்கும் சிறுவனைக் கொடுப்பவருக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். அந்தப் படத்தை அவன் வகுப்புத் தோழர்களும் பார்ப்பார்கள் என்பது எடுப்பவருக்குத் தோன்றுவதே இல்லை.

மகமைக்கு ஒரு வரம்பும் இருந்தது. அது ஒரு சாதியின் நிதி. பள்ளியின் கதவு மற்றவர்களுக்கும் திறந்திருந்தாலும், நிதியை நிர்வகிப்பவர்கள் உறவின்முறைக்காரர்கள். வணிகம் கைவசம் உள்ள சமூகத்தால் இப்படிச் சேர்க்க முடியும். நிலமும் இல்லாத, கடையும் இல்லாத கூலித் தொழிலாளர் தெரு எந்த மூட்டைக்கு மகமை போடும்? உள்ளூர்க் கொடையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பலர் இந்தக் கேள்விக்கு முன்னாலேயே நிறுத்திக்கொள்கிறார்கள்.

காமராஜர் முதலமைச்சரானபோது இதே கேள்வி மாநில அளவில் வந்து நின்றது. 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தை அவர் தொடங்கிவைத்தபோது அது ஊரார் கொடையை நம்பிய திட்டம். பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அரசு மானியம் வந்த பிறகு கணக்கு இப்படி அமைந்தது: ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பத்துக் காசு, அதில் அரசு ஆறு காசு, ஊர் நான்கு காசு. இரண்டு ஆண்டு கழித்து, 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இதே வழியில் நடந்தன. அந்த மாநாடுகளில் பாராட்ட வேண்டியது மேடைப் பேச்சை அல்ல, மேடைக்கு முன்பே முடிந்துவிட்ட வேலையை. எந்தப் பள்ளிக்கு எத்தனை பெஞ்சு, எத்தனை கரும்பலகை, எத்தனை அடி மதில் என்று முதலில் பட்டியல் தயாரானது. அதைக் காட்டித்தான் கொடை கேட்டார்கள்.

ஆறுக்கு நான்கு என்ற அந்தக் கணக்கை நான் இருவிதமாகப் பார்க்கிறேன். ஊரின் நான்கு காசு அந்தச் சாப்பாட்டை ஊரின் சொந்தக் காரியமாக்கியது. காலையில் கூலிக்குப் போகும் தாய்க்கு, மதியம் பிள்ளை என்ன சாப்பிடும் என்ற கவலையை அது எடுத்துவிட்டது. பள்ளிக்குச் செய்ததுபோலவே குடும்பத்துக்கும் செய்த உதவி அது. ஆனால் நான்கு காசு தர முடிந்த ஊரில் ஒழுங்காக எரிந்த அடுப்பு, பஞ்சம் பிழைக்கப் போன ஊரில் எரிய வேண்டுமானால் யார் கொடுப்பது? பசி அதிகமாக இருந்த இடத்தில்தான் ஊர்ப் பங்கும் கிடைக்காமல் போகும். 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுத் திட்டம் முழுச் செலவையும் அரசே ஏற்கவைத்தது. இந்தப் பாகுபாடு அப்போதுதான் ஒழிந்தது. 2022இல் வந்த காலை உணவுத் திட்டமும் ஊரின் பங்கை எதிர்பார்க்கவில்லை. சோறு உரிமையான பிறகு அதற்காக எவரும் கையேந்தக் கூடாது; அது சரி.

அப்படியானால் ஊர்க் கொடைக்கு இனி வேலை என்ன? 2022 டிசம்பரில் அரசே தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம், நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் அரசுப் பள்ளிகளுக்கு நிதி தர ஒரு வாசலைத் திறந்தது. நல்ல முயற்சி. ஆனால் தாமாகக் கொடுப்பவர்கள் தாம் படித்த பள்ளிக்கும், நிறுவனங்கள் தம் ஆலைக்குப் பக்கத்துப் பள்ளிக்கும் கொடுப்பது இயல்பு. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஆள் அனுப்பிய ஊரின் பள்ளியில் ஸ்மார்ட் வகுப்பறை வரும். மலைக் கிராமத்துப் பள்ளிக்கு முன்னாள் மாணவர் சங்கம் என்று ஒன்று இருந்தால்தானே கேட்பதற்கு?

எனவே மதிய உணவின் அந்த ஆறு-நான்கு கணக்கைச் சோற்றுக்கு வெளியே, ஊருக்கு ஊர் மாறும் விகிதத்தில் மீண்டும் கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து. மாலை நேரப் படிப்பு, துப்புரவு, இடைநின்ற பிள்ளைகளின் வீடு தேடிச் செல்லுதல், கைக்குழந்தையோடு தனியாக நிற்கும் தாய்க்கு உதவித்தொகை மனு எழுதித் தருதல் போன்ற மாதாந்திரச் செலவுகளுக்கு, வசதியான ஊர் ஒரு ரூபாய் போட்டால் அரசு ஒரு ரூபாய் போடட்டும். வறண்ட ஊர் ஒரு ரூபாய் போட்டால் அரசு ஒன்பது ரூபாய் போடட்டும். ஒரு ரூபாயாவது ஊர் போட வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. காசு போட்டவர்கள்தான் கணக்குக் கேட்பார்கள். பத்து ரூபாய் போட்ட ஆயாவுக்கும் கேள்வி கேட்க உரிமை வரும்.

இதற்குப் புதிய அமைப்பு எதுவும் வேண்டாம். கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெரும்பான்மை பெற்றோர், பாதி பெண்கள். தேவைப் பட்டியலை அவர்கள் எழுதட்டும். மளிகைக் கடை, உரக்கடை, வாரச் சந்தை வியாபாரி, வெளிநாட்டில் இருக்கும் இளைஞர்களின் குழு என்று மாதம் இவ்வளவு தர ஒப்புக்கொள்பவர்களின் பட்டியலை ஊராட்சி எழுதட்டும். எந்தப் பிள்ளைக்கு, எந்த வீட்டுக்கு உதவி போயிற்று என்பதைக் குழுவுக்குள் இருவர் மட்டும் அறிந்தால் போதும். மொத்த வரவு செலவை அக்டோபர் 2, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15 கிராம சபைகளில் உரக்கப் படிக்க வேண்டும். மகமைப் பணத்துக்கு உறவின்முறைக் கூட்டத்தில் கணக்குச் சொன்னதுபோல. ஆனால் இந்தக் கூட்டத்தில் எல்லாத் தெருக்காரர்களும் இருப்பார்கள்.

வருகிற கல்வியாண்டில் ஒரு வட்டாரத்திலாவது இதைச் செய்து பார்க்கப் பள்ளிக் கல்வித் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் சேர்ந்து ஓர் அரசாணை போட்டால் போதும். ஏற்கெனவே கல்விச் சீர் நடக்கும் ஊரையும், இதுவரை ஒரு நாற்காலிகூடக் கொடையாக வராத ஊரையும் அந்த வட்டாரத்தில் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் தவணை நிதி இரண்டாவது ஊருக்குப் போக வேண்டும்.