"சிஸ்டம் பழசு" என்பது ஒரு பதிலே இல்லை

"சிஸ்டம் ரொம்பப் பழசு பா, அதான் கேமராவை எடுக்க மாட்டேங்குது." நம்ம காலேஜ்ல இந்த வரியைக் கேட்காத ஆள் இருக்க முடியாது. சிம்போசியம் முடிஞ்ச சாயங்காலம், டிபார்ட்மென்ட் கேமராவை லேப் மூலையில் இருக்கும் அந்த எக்ஸ்பி மெஷின்ல மாட்டுவாங்க. ஸ்கிரீன்ல ஒண்ணும் வராது. யாராவது ஒருத்தர் இந்த வரியைச் சொல்வார், சுத்தி நிக்கிற பத்து பேரும் தலையாட்டுவோம். அதோட விசாரணை முடிஞ்சுது. அடுத்த ஸ்டாக் செக்கிங்ல அந்த மெஷின் கண்டம் பண்ற லிஸ்ட்ல போயிடும்.

எனக்கு இதுல எரிச்சல் வர்றதுக்குக் காரணம் பழைய கம்ப்யூட்டர் மேல பாசம் இல்லை. நாலு வருஷமா நெட்வொர்க்கிங் பேப்பர்ல ஏழு லேயரை மனப்பாடமா எழுதுறோம். இன்டர்வியூல கேட்டா தூக்கத்துல கூட சொல்வோம். ஆனா நிஜமா ஒரு டிவைஸ் இன்னொரு டிவைஸோட பேசலைன்னா, எந்தப் படியில் பேச்சு நின்னுச்சுன்னு ஒருத்தரும் கேட்கிறதில்லை. "பழசு"ன்னு சொல்லிடுறோம். பழசுங்கிறது வயசு. அது எப்படி ஒரு ஃபால்ட்டுக்குப் பேரா ஆகும்?

கேமராவை மாட்டினதும் நீங்க கேட்க வேண்டிய முதல் கேள்வி, கம்ப்யூட்டர்ல அந்த "டிங்" சத்தம் வந்துச்சா இல்லையா என்பதுதான். ஸ்பீக்கர் இல்லைன்னா டிவைஸ் மேனேஜரைத் திறந்து வச்சுக்கிட்டு மாட்டுங்க, லிஸ்ட் ஒரு தடவை புதுசா லோட் ஆகுதான்னு பாருங்க. ஒரு அசைவும் இல்லைன்னா விண்டோஸைத் திட்டி பிரயோஜனம் இல்லை, சிக்னலே உள்ள போகலை. சாதாரண யுஎஸ்பி 2.0 கேபிளுக்குள்ள நாலு கம்பி: ரெண்டு பவருக்கு, ரெண்டு டேட்டாவுக்கு. சார்ஜிங்குக்குன்னு விக்கிற மலிவு கேபிள் பலதில் டேட்டா கம்பி ரெண்டுமே இருக்காது. கேமராவில் லைட் எரியும், நாமளும் கனெக்ட் ஆயிடுச்சுன்னு நம்பிடுவோம். கேபிள் சரின்னா, கேபினெட் முன்னாடி இருக்கிற போர்ட்டை விட்டுட்டு பின்னாடி மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் மாட்டுங்க. கேமரா ஆன்ல இருக்கான்னும் பாருங்க. சிரிக்காதீங்க, நிறைய தடவை அதுதான் காரணம்.

சத்தம் வருது, ஆனா மை கம்ப்யூட்டர்ல புது டிரைவ் வரலை. இங்கதான் ரொம்ப பேர் கை விட்டுடுறாங்க. உண்மையில் பாதி நேரம் கேமரா அங்கேயேதான் இருக்கும். கேமரா கம்ப்யூட்டரோட ரெண்டு விதமா பேசலாம். ஒண்ணு மாஸ் ஸ்டோரேஜ்: பென்டிரைவ் மாதிரி தன் கார்டையே கம்ப்யூட்டர் கையில் கொடுத்துடும், டிரைவ் லெட்டர் வரும். இன்னொண்ணு பிடிபி: கார்டைக் கொடுக்காது. "எந்தப் படம் வேணும் சொல்லு, எடுத்துத் தர்றேன்"னு லைப்ரரி கவுன்டர்ல உட்கார்ந்திருக்கிறவர் மாதிரி நடுவில் நிக்கும். இதில் டிரைவ் லெட்டரே வராது. எக்ஸ்பியில் இது "ஸ்கேனர்ஸ் அண்ட் கேமராஸ்" பகுதியில் தனியா வரும். நாம எஃப் டிரைவைத் தேடிக்கிட்டு அதைத் தாண்டிப் போயிடுறோம். சில கேமராக்கள்ல செட்டிங்ஸ்லேயே எந்த மோடுன்னு மாத்திக்கலாம்.

கேபிளே வேண்டாம்னு கார்டை உருவி நேரா ஸ்லாட்டில் போடுறவங்களுக்கு வேற கதை. இங்க என் கோபம் பழைய கம்ப்யூட்டர் மேல இல்லை, ஸ்டாண்டர்டு போட்டவங்க மேல. எஸ்டி கார்டு, எஸ்டிஹெச்சி, எஸ்டிஎக்ஸ்சி மூணும் வெளியில் பார்க்க ஒரே அளவு, ஒரே வடிவம். ஸ்லாட்டில் அழகா உட்காரும். உள்ளே பேசுறது வேற. பழைய எஸ்டி கார்டில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி, அந்த முகவரிக்கு 32 பிட். அப்படி எண்ணினா 4 ஜிபிக்கு மேல போகவே முடியாது. அதனால 2006-ல் வந்த எஸ்டிஹெச்சியில் 512 பைட்டை ஒரு கட்டமா வச்சு, கட்டத்துக்கு ஒரு முகவரின்னு மாத்திட்டாங்க. நல்ல தீர்வுதான். ஆனா அதுக்கு முன்னாடி செஞ்ச ரீடருக்கு இந்தக் கணக்கே தெரியாது. 2 ஜிபி கார்டு ஓடுற அதே ஸ்லாட்டில் 8 ஜிபி கார்டு செத்த மாதிரி கிடக்கும். அதுக்கப்புறம் 2009-ல் எஸ்டிஎக்ஸ்சி அறிவிச்சாங்க. 32 ஜிபிக்கு மேல இருக்கிற கார்டுகள் இவை. இதுங்க எக்ஸ்ஃபேட் ஃபைல் சிஸ்டத்தில் வரும். எக்ஸ்பிக்கு அது தானா தெரியாது. மைக்ரோசாஃப்ட் அதே 2009-ல் ஒரு தனி அப்டேட் கொடுத்தது. அதைப் போடாத மெஷின்ல புது ரீடர் வாங்கி மாட்டினாலும், "இந்த டிஸ்க் ஃபார்மேட் ஆகலை, இப்போ பண்ணலாமா?"ன்னு ஒரு பெட்டி வரும்.

அந்தப் பெட்டியைப் பத்திச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுறேன். அது கேட்கிற கேள்வியே தப்பு. அந்தக் கார்டு நல்லாத்தான் இருக்கு, படிக்கத் தெரியாதது கம்ப்யூட்டருக்கு. தெரியாததைத் தெரியலைன்னு சொல்லாம, அழிச்சிடட்டுமான்னு கேட்குது. அவசரத்தில் "எஸ்" அமுக்கினா போச்சு.

என் ரூம்மேட் வீட்டுல ஒரு பழைய டிஜிட்டல் கேமரா. அதில் அவன் தாத்தா பாட்டியோட எண்பதாம் கல்யாண போட்டோ எல்லாம் இருந்துச்சு. தாத்தா இப்போ இல்லை. ஊர்ல ஒரு கடையில் கார்டைக் கொடுத்தா, அவங்க எக்ஸ்பி சிஸ்டத்தில் போட்டுப் பார்த்துட்டு "கார்டு கரப்ட், ஃபார்மேட் பண்ணித் தரட்டுமா?"ன்னு கேட்டிருக்காங்க. அவன் அம்மா மட்டும் வேண்டாம்னு வாங்கிட்டு வந்துட்டாங்க. அவங்க டிப்ளமோ கூட படிக்கலை. நாலாவது செமஸ்டர் லீவு முடிஞ்சு அவன் கேமராவை ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்தான். கார்டு 64 ஜிபி, எக்ஸ்ஃபேட். லேப்ல இருக்கிற அதே மாதிரி எக்ஸ்பி மெஷின்லதான் முயற்சி பண்ணினோம். கார்டை கேமராவுக்குள்ளேயே விட்டுட்டு, பிடிபி மோடில் கேபிள் மாட்டினோம். எல்லாப் படமும் வந்துச்சு. ஏன்னா பிடிபியில் கார்டைப் படிக்கிற வேலை கேமராவோடது. கம்ப்யூட்டருக்கு எக்ஸ்ஃபேட் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன?

இதுக்காக எல்லாப் பழைய மெஷினையும் கட்டிப்பிடிச்சுக்கச் சொல்லலை. யுஎஸ்பி 1.1 மட்டும் இருக்கிற கம்ப்யூட்டர்ல வேகம் அதிகபட்சம் 12 மெகாபிட்தான். 8 ஜிபி படம் ஏத்த, கணக்குப்படியே ஒன்றரை மணி நேரம் ஆகும், நிஜத்தில் இன்னும் இழுக்கும். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோட சப்போர்ட் முடிஞ்சுது, அதை நெட்டில் மாட்டுறதை நானும் ஒத்துக்க மாட்டேன். படத்தை எடுத்து பென்டிரைவ்ல போட்டுக்கிறதுக்கு நெட் தேவையில்லை.

"எதுக்கு இவ்ளோ கஷ்டம், லேப்டாப்ல போட்டா ரெண்டு நிமிஷத்தில் முடிஞ்சுது"ன்னு நீங்க கேட்கலாம். லேப்டாப் இருந்தா தாராளமா போடுங்க. எல்லார் வீட்டிலும் அது இல்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒரு பழைய டெஸ்க்டாப்பையும் ஒரு கேமராவையும் காட்டி, "தம்பி, நீ இன்ஜினியரிங்தானே படிக்கிற?"ன்னு கேட்டா புது லேப்டாப் வாங்குங்கன்னா சொல்வீங்க?

லேப் மெஷினைக் கண்டம் பண்றதுக்கு முன்னாடி ஒரு காரியம் பண்ணிப் பார்க்கலாம். லினக்ஸ் லைவ் பென்டிரைவில் பூட் பண்ணி, கேமராவை மாட்டி, டெர்மினலில் எல்எஸ்யுஎஸ்பின்னு அடிச்சுப் பாருங்க. கேமரா அந்த லிஸ்ட்டில் வந்தா போர்ட்டும் கேபிளும் உயிரோட இருக்கு, பிரச்சினை விண்டோஸ் பக்கம். வரலைன்னா கேபிளை மாத்திட்டு இன்னொரு தடவை அடிங்க. அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. நம்ம டிபார்ட்மென்ட் கேமரா பையில் இப்போ கிடக்கிற கேபிள், அதோட வந்த ஒரிஜினல் இல்லை. யாரோட பவர் பேங்க் கேபிளோ அது.