படகு வாங்கிவிட்டேன், மாமா!

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை என் அக்காள் மகன் தொலைபேசியில் அழைத்தான். “மாமா, போட் வாங்கிட்டேன். செகண்ட் ஹேண்ட்தான். பத்தொன்பது அடி, 115 குதிரைசக்தி அவுட்போர்ட் எஞ்சின். அடுத்த மாசம் அம்மாவையும் பிள்ளைங்களையும் லாசரஸ் தீவுக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் கண்டிப்பா வரணும்” என்றான்.

வாழ்த்துச் சொன்னேன். போனை வைத்த பிறகு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அவனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அவனை என் படகில் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போனேன். அன்று நடந்ததை அக்காவிடம் இன்றுவரை நான் முழுதாகச் சொன்னதில்லை. “எஞ்சின் கொஞ்சம் மக்கர் பண்ணிடுச்சு, அதான் லேட்டு” என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். அக்கா இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிப்பவர். படிக்கட்டும். மகன் பேரப்பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்துப் போகும் முன் அவருக்கும் தெரிய வேண்டிய விஷயம்தான்.

அப்போது நானும் நண்பர்கள் இருவரும் பணம் போட்டு ஒரு சிறிய கண்ணாடி இழைப் படகு வைத்திருந்தோம். கப்பல் பட்டறையில் எஞ்சின் பிரிவில் வேலை பார்த்தவன் நான். பெரிய கப்பல்களின் எஞ்சினையே பிரித்துப் போட்டுப் பூட்டியவனுக்கு இந்தச் சின்ன எஞ்சின் எம்மாத்திரம் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அந்த நினைப்புதான் முதல் கோளாறு. மற்றக் கோளாறுகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

குசு தீவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். கப்பல்கள் போகும் பாதையின் நடுவில் இருந்தபோது எஞ்சினில் அபாய மணி விட்டுவிட்டு ஒலித்தது. சூடேறுகிறது என்று புரிந்தது. “இன்னும் கொஞ்ச தூரம்தானே, போய்ச் சேர்ந்ததும் பார்த்துக்கலாம்” என்று வேகத்தை மட்டும் குறைத்தேன். இரண்டு நிமிடத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால், கொள்கலன் கப்பல் ஒன்று எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

நங்கூரத்தைத் தேடினோம். அது ஐஸ் பெட்டிக்கும் தூண்டில் பைகளுக்கும் அடியில் கயிறு சிக்கிக் கிடந்தது. கையடக்க வானொலியை எடுத்தால் அதில் மின்கலம் தீர்ந்திருந்தது. உயிர்காப்பு அங்கிகள் இருந்தன, ஆனால் முன்பக்க அறையில் பூட்டிக் கிடந்தன. மருமகன் மேல்சட்டையோடு மட்டும் உட்கார்ந்திருந்தான். கப்பல் ஐந்து முறை குறுகிய சங்கொலி எழுப்பியது. ‘நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை’ என்பதற்குக் கடல் விதிகளில் உள்ள ஒலி அது. பையனுக்கு அது தெரியாது. கப்பல் தனக்கு வணக்கம் சொல்கிறது என்று நினைத்து எழுந்து நின்று கையை ஆட்டினான்.

நீரோட்டம் எங்களை மெல்ல ஓரத்துக்கு இழுத்தது. அதனால்தான் பிழைத்தோம். கப்பல் கடந்ததும் அது எழுப்பிய அலையில் படகு ஒருக்களித்தபோது நான் பையனின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அந்தப் பக்கம் வந்த ஒரு பம்போட் எங்களைக் கட்டி இழுத்துக் கரை சேர்த்தது.

எஞ்சினைப் பிரித்துப் பார்த்தோம். குளிர்நீர் பம்ப்பில் இருக்கும் இம்பெல்லர் என்ற ரப்பர் சக்கரத்தின் இதழ்கள் ஒடிந்திருந்தன. நான்கு ஆண்டுகளாக அதை மாற்றவே இல்லை. அதற்கு முந்தைய வாரம் ஆழமில்லாத இடத்தில் மணலைக் கிளறிக்கொண்டு ஓட்டியிருந்தோம். மணல் ரப்பரைத் தின்றுவிடும். கைக்கு அடங்கும் ஒரு ரப்பர்த் துண்டுக்காக நான்கு உயிர்கள் கப்பல் பாதையில் மிதந்திருக்கின்றன.

இனி மருமகனுக்குச் சொல்ல வேண்டியவை. படகு வைத்திருக்கும், அல்லது வாங்க நினைத்திருக்கும் வாசகர்களுக்கும்தான்.

முதலில் உரிமம். சிங்கப்பூரில் விசைப் பொழுதுபோக்குப் படகை ஓட்டுபவருக்கு ஓட்டுநர் உரிமம் வேண்டும். எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். படகுக்கும் சிங்கப்பூர் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் தேவை. அந்த எண் படகில் தெளிவாகத் தெரிய வேண்டும். மருமகன் தேர்வில் தேறிவிட்டான். ஆனால் கார் உரிமம் வாங்கிய மறுநாளே யாரும் நல்ல ஓட்டுநர் ஆகிவிடுவதில்லை. கடலில் கோடு போட்ட சாலை இல்லை, பிரேக்கும் இல்லை. குடும்பத்தை ஏற்றுவதற்கு முன், அனுபவம் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்தாறு முறையாவது ஓட்டிப் பழகுவது நல்லது.

படகை நீரில் இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டிய முதல் பொருள் வடிகால் அடைப்பான். படகின் பின்பக்க அடியில் இருக்கும் சிறிய திருகு அது. கரையில் ஏற்றி வைக்கும்போது மழைநீர் வடியக் கழற்றி வைப்போம். மாட்ட மறந்து நீரில் இறக்கினால் படகு நம் கண் முன்னாலேயே நிரம்பும். படகுக்காரர்களில் பாதிப் பேருக்கு இந்த அனுபவம் இருக்கும், மீதிப் பேர் வெளியே சொல்வதில்லை.

அடுத்தது பெட்ரோல். மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு எதிர்பாராததற்கு என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். எதிர்க்காற்றும் எதிர் நீரோட்டமும் இருந்தால் போகும்போது செலவானதைவிடத் திரும்பும்போது அதிகம் செலவாகும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே பறந்து போகாமல் படகின் அடித்தளத்தில் தேங்கும். ஒரு சிறு தீப்பொறி போதும். ஆகவே தூக்கிச் செல்லும் கலன்களைப் படகில் வைத்தபடி நிரப்பாமல், மேடையில் இறக்கி வைத்து நிரப்ப வேண்டும். எஞ்சின் படகுக்குள்ளேயே இருக்கும் வகை என்றால், காற்றுவாரி விசிறியைக் குறைந்தது நான்கு நிமிடம் ஓடவிட்டு, முகர்ந்து பார்த்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதன் பின்பக்கம் சிறு குழாயிலிருந்து நீர்த்தாரை பீய்ச்சி அடிக்கிறதா என்று பாருங்கள். அதுதான் எஞ்சினின் நாடித்துடிப்பு. தாரை மெலிந்தாலோ நின்றாலோ குளிர்நீர் சுற்றவில்லை என்று பொருள். நம் கடலில் மிதக்கும் பிளாஸ்டிக் பை உறிஞ்சு துளையை அடைத்தாலும் இதே கதைதான். அன்று காலை நான் ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால் கரையிலேயே தெரிந்திருக்கும்.

இப்போது சிவப்புக் கயிறு. ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் சுருள் சுருளாகச் சிவப்புக் கயிறு ஒன்று தொங்கும். அதன் ஒரு முனை எஞ்சின் விசையில், மறுமுனை ஓட்டுபவரின் தொடையிலோ மணிக்கட்டிலோ மாட்டியிருக்க வேண்டும். அவர் தூக்கியெறியப்பட்டால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் உடனே நிற்கும். 2013 மே மாதம் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், பாட்ஸ்டோ அருகே, விசைப்படகு ஒன்று வேகமாகத் திரும்பியபோது அதிலிருந்த ஆறு பேர் கொண்ட குடும்பம் முழுவதும் நீரில் விழுந்தது. ஆளில்லாத படகு அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்து மோதியது. தந்தையும் எட்டு வயது மகளும் உயிரிழந்தார்கள். மற்றவர்களில் இருவர் பலத்த காயமடைந்தார்கள். கயிறு படகிலேயே இருந்தது, யார் உடம்பிலும் மாட்டப்படவில்லை. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. மருமகனே, எஞ்சின் ஓடும்போதெல்லாம் அந்தக் கயிறு உன் உடம்பில் இருக்க வேண்டும்.

உயிர்காப்பு அங்கி உடம்பில் இருந்தால்தான் அங்கி, பெட்டிக்குள் இருந்தால் அது வெறும் சாமான். பெரியவர்களின் அங்கியைப் பிள்ளைகளுக்கு மாட்டினால் நீரில் விழுந்ததும் அங்கி மேலே ஏறும், பிள்ளை கீழே நழுவும். மாட்டிவிட்டு இரண்டு தோள்பட்டையிலும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். அங்கி காதுக்கு மேலே போனால் அது பெரிய அளவு. தொடைகளுக்கு இடையில் போகும் பட்டையையும் கட்ட வேண்டும்.

வானிலையைப் பார்க்காமல் புறப்படக் கூடாது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை நமக்குச் ‘சுமத்ரா’ புயற்காற்று வரும். பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலை வேளையிலோ வரிசைகட்டி வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும். மேற்கே கருமேகம் சுவர்போல எழுந்து திடீரென்று குளிர்காற்று அடித்தால் விவாதம் செய்யாமல் ஒதுங்க வேண்டும். எங்கே போகிறோம், யார் யார் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போகவும் வேண்டும்.

கடலில் இறங்கியதும் மிகப் பெரிய ஆபத்து கப்பல்தான். உலகின் மிகவும் பரபரப்பான கடல்வழிகளில் ஒன்றின் ஓரத்தில் நாம் விளையாடுகிறோம் என்பதை மறக்கக் கூடாது. ஒரு பெரிய கப்பல் நிற்பதற்கு ஒரு கிலோமீட்டருக்கு மேலும் ஆகும். கப்பலின் முகப்புக்கு முன்னால் 500 மீட்டர் வரைகூட மேல்தளத்தில் நிற்கும் மாலுமிக்குக் கடல் தெரியாமல் போகலாம். அனைத்துலக விதியே அந்த அளவை அனுமதிக்கிறது. நீ அவரைப் பார்ப்பதால் அவர் உன்னைப் பார்க்கிறார் என்று நினைக்காதே.

1972ஆம் ஆண்டின் அனைத்துலக மோதல் தவிர்ப்பு விதிகள் எல்லாப் படகுக்கும் பொருந்தும். நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். உன் வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வரும் விசைப்படகுக்கு நீ வழிவிட வேண்டும். 20 மீட்டருக்கும் குறைவான படகு, குறுகிய பாதையை விட்டு விலக முடியாத கப்பலுக்குத் தடையாக இருக்கக் கூடாது. கப்பல் பாதையைக் கடக்க நேர்ந்தால் நேர் குறுக்காக, சீக்கிரமாக, கப்பலின் பின்னால் கடப்பதே உத்தமம். எதிரே வரும் கப்பல் இருக்கும் திசை மாறாமல் அதன் உருவம் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தால், மோதப் போகிறோம் என்று அர்த்தம்.

எஞ்சின் நின்றுபோனால் முதலில் எல்லாரும் அங்கி அணிந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நங்கூரம் சிக்கில்லாமல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வானொலியில் 16ஆம் அலைவரிசையில் இருக்கும் இடத்தையும், ஆள் எண்ணிக்கையையும், என்ன கோளாறு என்பதையும் சொல்ல வேண்டும். கைத்தொலைபேசியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. அதில் பேசினால் ஒருவருக்குத்தான் கேட்கும், 16இல் பேசினால் சுற்றியுள்ள அத்தனை கப்பலுக்கும் கேட்கும்.

தீவை அடைந்து பிள்ளைகள் நீரில் இறங்கினால் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். கியரை மட்டும் எடுத்துவிட்டு ஓடவிடுவது போதாது. எஞ்சின் ஓடும்போது படகின் பின்பக்கப் படியில் யாரும் உட்காரவும் கூடாது. காற்றாடியும் அங்கேதான், புகையும் அங்கேதான். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பீர் கரைக்கு வந்த பிறகு.

திரும்பியதும் களைப்பாகத்தான் இருக்கும். ஆனால் பராமரிப்பு அங்கேதான் தொடங்குகிறது. எஞ்சினுக்குள் நல்ல தண்ணீரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு உப்பைக் கழுவ வேண்டும். 100 மணி நேர ஓட்டம் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது முழுப் பராமரிப்பு. அத்தோடு இம்பெல்லரையும் மாற்றிவிடு. கியர் எண்ணெய் பால் கலந்தது போல இருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. எஞ்சினின் அடிப்பகுதியில் உள்ள துத்தநாகக் கட்டி எஞ்சினுக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காகவே வைக்கப்பட்டது. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். அதற்குப் பெயின்ட் அடித்துவிடாதே, அடித்தால் அது வேலை செய்யாது.

இவ்வளவையும் போன புதன்கிழமை படகுத்துறைக்கே போய் மருமகனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். அன்று நடந்ததையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்த ஹார்ன் எனக்கு ஞாபகம் இருக்கு மாமா. அது எனக்குன்னுதான் இத்தனை நாள் நினைச்சிட்டிருந்தேன்” என்றான்.

பிறகு அவனே எஞ்சின் மூடியைத் திறந்து, “இம்பெல்லர் எங்க இருக்கு, காட்டுங்க” என்று கேட்டான். கழற்றிப் பார்த்தோம். இரண்டு இதழ்களில் வெடிப்பு. படகை விற்றவர் ‘இப்போதான் சர்வீஸ் பண்ணினேன்’ என்று சொல்லியிருந்தாராம். புதியதை வாங்கி அன்றே மாட்டிவிட்டோம். அடுத்த மாதம் லாசரஸ் தீவுக்கு நானும் போகிறேன். அக்காவுக்கு அங்கி மாட்டிவிடும் வேலை என்னுடையது.