ஒரே பெட்டி, இரண்டு தொடக்கங்கள்

மின்னணு நடன இசையைப் பற்றிப் பேச்செடுத்தால், நல்ல ரசனையுள்ள நண்பர்களிடமிருந்தும் தவறாமல் ஒரு கேள்வி வந்து விழுகிறது: 'இதைச் செய்கிறவர்கள் முறையாகச் சங்கீதம் படித்தவர்களா?' கேள்வியின் தொனியிலேயே விடையும் இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் தாளம் வருகிறது, இன்னொன்றை அழுத்தினால் ஸ்வரம் வருகிறது, இதில் சாதகம் எங்கே, குரு எங்கே என்பதுதான் அவர்கள் உண்மையில் கேட்க நினைப்பது. அந்தச் சந்தேகத்தை ஒரேயடியாக ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஆனால் இந்த இசையின் முதல் தலைமுறையினர் எங்கிருந்து தொடங்கினார்கள் என்று சற்று நெருங்கிப் பார்த்தால், குருவைத் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று படுகிறது.

ஒரு கருவியின் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1981-இல் டிபி-303 என்ற சிறு பெட்டியை அறிமுகப்படுத்தியது. துணைக்கு பேஸ் கிதார் வாசிக்க ஆள் கிடைக்காத கலைஞர், தனியாகப் பயிற்சி செய்யும்போது அதைப் பின்னணியில் ஓடவிட்டுக்கொள்ளலாம் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். ஆனால் அதன் ஒலி பேஸ் கிதாருக்கு அருகில்கூட வரவில்லை. ஸ்வரங்களை ஒவ்வொன்றாக உள்ளிடும் முறையோ எவருடைய பொறுமையையும் சோதிக்கக்கூடியது. ஏறத்தாழ 10,000 பெட்டிகள் செய்தபின் 1984-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். வாங்கியவர்கள் வேண்டாமென்று தள்ளிவிட்ட பெட்டிகள் பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கின.

அப்படி ஒரு பழைய பெட்டி சிகாகோவில் ஸ்பாங்கி என்ற இளைஞரின் கைக்கு வந்தது. அவரும் டிஜே பியேரும் ஹெர்ப் ஜேயும் சேர்ந்து 'ஃப்யூச்சர்' என்ற பெயரில் இசை செய்துகொண்டிருந்தார்கள். பேஸ் ஒலி வேண்டுமென்றுதான் அதை வாங்கினார்கள். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பியேர் அதன் குமிழ்களைத் திருகத் தொடங்கினார். ஒலியின் கூர்மையைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள குமிழ்கள் அவை. ஒருமுறை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு மறந்துவிட வேண்டியவை. ஓடும்போதே திருகியதில் அந்தப் பெட்டி முனகியது, பிளிறியது, குமிழியிட்டது. அந்தப் பதிவை மியூசிக் பாக்ஸ் என்ற நடன அரங்கில் ரான் ஹார்டி ஒலிபரப்பியபோது, கூட்டம் முதலில் அதை விரும்பவில்லை என்றும், அதே இரவில் அவர் விடாமல் மீண்டும் மீண்டும் போட்டபின் அதற்காகவே வெறிகொண்டு ஆடியது என்றும் குழுவினர் சொல்லியிருக்கிறார்கள். 1987-இல் 'ஆசிட் டிராக்ஸ்' இசைத்தட்டாக வெளிவந்தது. ஆசிட் ஹவுஸ் என்ற வகை அதிலிருந்து கிளைத்தது. அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் இளைஞர்கள் அதற்கு இரவெல்லாம் ஆடினார்கள்.

இதே பெட்டிக்கு இன்னொரு தொடக்கமும் உண்டு. சிகாகோ இசைத்தட்டு வெளிவருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாக, 1982-இல், மும்பையில் சரண்ஜித் சிங் என்பவர் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் பல ஆண்டுகள் வாசித்துத் தேர்ந்தவர் அவர். டிபி-303, டிஆர்-808 டிரம் மெஷின், ஜூபிடர்-8 சிந்தசைசர் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று இணைத்து, தபலாவோ தம்பூராவோ இல்லாமல், பைரவ் முதலான பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்தார். அப்போதைய திரைப்படங்களில் டிஸ்கோ நிறைந்திருந்ததும், அதை வேறுவிதமாகச் செய்து பார்க்கலாம் என்று தோன்றியதுமே காரணம் என்று பின்னாளில் அவர் விளக்கினார். இசைத்தட்டு விலைபோகவில்லை. 2010-இல் நெதர்லாந்தில் அது மறுபதிப்பாக வந்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2015-இல் அவர் காலமானார்.

மறுபதிப்பு வந்ததும், ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியரே என்ற பேச்சு கிளம்பியது. இந்தப் பெருமையில் எனக்கு உடன்பாடில்லை. சிகாகோ இளைஞர்கள் அந்த இசைத்தட்டைக் கேட்டதற்குச் சான்று எதுவும் இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை. இரண்டும் தனித்தனியே பிறந்தன என்பதே எனக்கு அதைவிடப் பெரிய செய்தியாகத் தோன்றுகிறது. அந்தப் பெட்டியில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி உண்டு. ராகத்தில் ஊறிய காதுக்கு அந்த வழுக்கல் மீண்டின் சாயலைத் தந்திருக்கும். சரண்ஜித் சிங் அந்த இயந்திரத்தைத் தாம் ஏற்கெனவே அறிந்த இசைக்கு வேலை வாங்கினார். பியேருக்கு அப்படி வேலை வாங்க முன்னால் ஒரு ராகம் இல்லை. ஆனால் எந்த ஒலிக்கு உடல் அசையும், எதற்கு அசையாது என்பதை நடன அரங்குகளில் கேட்டுக் கேட்டு அறிந்த காது இருந்தது. பெட்டி ஒன்றுதான், அதை அணுகிய இரண்டு காதுகளும் வெவ்வேறு இடங்களில் பயின்றவை. பயிலாத காது என்று இதில் எதையும் சொல்ல முடியாது.

பள்ளிக்கூடம் இல்லாத இடத்தில் காது எப்படிப் பயில்கிறது என்பதற்கு டெட்ராய்ட் நகரம் நல்ல உதாரணம். 1950-இல் பதினெட்டரை லட்சம் பேர் வாழ்ந்த மோட்டார் வாகனத் தொழில் நகரம் அது. 1980-இல் அந்த எண்ணிக்கை பன்னிரண்டு லட்சமாகச் சுருங்கியிருந்தது. அந்நகரின் பெருமையாக இருந்த மோடவுன் இசைத்தட்டு நிறுவனமும் 1972-இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெல்வில் என்ற சிற்றூரின் பள்ளியில், கறுப்பின மாணவர்கள் சிலரே படித்த இடத்தில், ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய மூவரும் நண்பர்களானார்கள். பின்னாளில் டெக்னோ என்று உலகம் அழைத்த இசை அவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது.

அவர்களுடைய குரு வானொலியில் இருந்தார். 'எலக்ட்ரிஃபையிங் மோஜோ' என்ற பெயரில் இரவு நேரத்தில் நிகழ்ச்சி நடத்திய அந்த அறிவிப்பாளர், ஒரு விண்கலம் தரையிறங்கும் ஓசையோடு தம் நிகழ்ச்சியைத் தொடங்குவார். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் வாசல் விளக்கை அணைத்துப் போடுங்கள், காரின் விளக்குகளை மின்னச் செய்யுங்கள் என்பார். கறுப்பர்களுக்கு ஒரு வானொலி, வெள்ளையர்களுக்கு ஒரு வானொலி என்று அமெரிக்க ஒலிபரப்பு பிரிந்து கிடந்த காலத்தில், அவர் ஜார்ஜ் கிளிண்டனின் பார்லிமெண்ட் குழுவையும் பிரின்ஸையும் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க்கையும் ஒரே இரவில் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்தார். இது இதனோடு சேராது என்று எவரும் சொல்லித்தராததால், அந்தப் பையன்களின் காதில் எல்லாம் சேர்ந்தன.

இங்கேதான் நண்பர்களின் கேள்விக்கு ஒரு வேடிக்கையான விடை கிடைக்கிறது. அந்த வானொலியில் அவர்கள் கேட்டவர்கள் யார்? பார்லிமெண்ட் குழுவின் 'ஃப்ளாஷ்லைட்' பாட்டில் பேஸ் கிதாருக்குப் பதிலாக மூக் சிந்தசைசரை வாசித்த பர்னி வொரெல், சிறு வயதிலேயே பியானோ மேதை என்று பெயர் வாங்கி, நியூ இங்கிலாந்து இசைக்கல்லூரியில் செவ்வியல் இசை பயின்றவர். கிராஃப்ட்வெர்க்கின் புளோரியான் ஷ்னைடர் புல்லாங்குழல் பயின்றவர். ரால்ஃப் ஹூட்டரும் அவரும் சந்தித்ததே இசை மாணவர்களாகத்தான். ஆக, 'முறையாகப் படிக்காதவர்கள்' படித்தவர்களிடமிருந்தே கற்றார்கள். இடையில் கட்டணமும் நுழைவுத்தேர்வும் இல்லை. ஒரு வானொலிப் பெட்டி இருந்தது.

சாதகமும் இருந்தது. அட்கின்ஸ் சிறு வயதிலேயே பேஸ் கிதாரும் டிரம்ஸும் பழகியவர். பாட்டியுடன் இசைக்கருவிக் கடைக்குப் போய் வாங்கிய கோர்க் எம்எஸ்-10 தான் அவருடைய முதல் சிந்தசைசர். டிரம் மெஷின் வாங்க வழியில்லாதபோது, தாள ஒலிகளையும் அதே கருவியில் உண்டாக்கி, இரண்டு கேசட் ரெக்கார்டர்களுக்கிடையே மாற்றி மாற்றிப் பதிந்து அடுக்கினார். ஒரு தாள ஒலியைத் தேடி மணிக்கணக்கில் குமிழ் திருகுவதும், சரளி வரிசையை நூறு முறை பாடுவதும் காதுக்குத் தரும் பயிற்சியில் அவ்வளவு தூரம் விலகியவை என்று எனக்குத் தோன்றவில்லை. வியட்நாம் போரிலிருந்து திரும்பியிருந்த ரிக் டேவிஸுடன் சேர்ந்து, சைபோட்ரான் என்ற பெயரில் 1981-இல் அவர் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். பள்ளியில் ஆல்வின் டாஃப்ளரின் நூல்களைப் படித்தவர் என்பதால், 'டெக்னோ' என்ற சொல்லையும் அங்கிருந்தே எடுத்துக்கொண்டார். இலக்கிய வாசகர்களான நாம் ஓர் இசை வகையின் பெயர் புத்தகத்திலிருந்து வந்ததற்காகவாவது சற்று மகிழலாம்.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். இந்த வகையில் வெளிவருவனவற்றில் பெரும்பகுதி, பெட்டி தருவதை அப்படியே வாங்கி வைப்பதுதான். பயிற்சியின்மையைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோரும் உண்டு. 'கல்வி வேண்டாம், ஆர்வம் போதும்' என்ற வாதம் எனக்கும் எரிச்சலூட்டுகிறது, ஏனென்றால் வரலாறு அதற்கு ஆதரவாக இல்லை. சிகாகோவில் அஞ்சல் நிலையத்தில் இரவுப் பணி பார்த்துக்கொண்டிருந்த மார்ஷல் ஜெஃபர்சனுக்குப் பியானோ வேகமாக வாசிக்க வராது. 1986-இல் 'மூவ் யுவர் பாடி' செய்தபோது மெதுவாக வாசித்துப் பதிந்து, பிறகு வேகத்தைக் கூட்டினார். தமக்கு எது வராது என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்தார். எது வேண்டும் என்பதையும் அறிந்திருந்தார். டெரிக் மேயின் புகழ்பெற்ற 'ஸ்டிரிங்ஸ் ஆஃப் லைஃப்' (1987) இன்னும் தெளிவான சான்று. அதில் ஒலிக்கும் பியானோ மைக்கேல் ஜேம்ஸ் என்ற கலைஞர் நிதானமான பாட்டொன்றுக்காக வாசித்தது. அதை வெட்டி, விரைவாக்கி, பேஸ் வரிசையே இல்லாமல் மே கட்டமைத்தார். பியானோ தெரிந்தவரின் விரல்களும், எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்தவரின் காதும் சேர்ந்து செய்த படைப்பு அது. ஒருவர் பெயரை மட்டும் சொல்லி மற்றவரை விட்டுவிடுவது சரியாகாது.

தொடக்கங்களைப் பற்றிய இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். தொடக்கத்தை மறந்தால் யார் செய்தது என்பதும் மறந்துபோகிறது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் காமிஸ்கி பார்க் மைதானத்தில், இரண்டு ஆட்டங்களுக்கு இடைப்பட்ட நேரத்தில், டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை கறுப்பினக் கலைஞர்கள் பாடியவை, தன்பாலீர்ப்பாளர்களின் அரங்குகளில் ஒலித்தவை. அதே நகரின் வேர்ஹவுஸ் என்ற அரங்கில் ஃபிராங்கி நக்கிள்ஸ் டிஸ்கோவைக் கைவிடாமல் தொடர்ந்து வாசித்தார். அந்த அரங்கின் பெயரிலிருந்தே ஹவுஸ் என்ற சொல் வந்தது. டெரிக் மே அவரைக் கேட்க டெட்ராய்டிலிருந்து வந்தவர். தம் டிஆர்-909 டிரம் மெஷினை அவருக்கு விற்றவரும் அவரே. இத்தனைக்குப் பின்னும், பெரும் திடல்களில் லட்சக்கணக்கானோர் கூடும் இசை விழாக்களைப் பார்ப்பவர்கள் இதை ஐரோப்பிய வெள்ளை இளைஞர்களின் கண்டுபிடிப்பு என்றே எண்ணிக்கொள்கிறார்கள். கடன்பட்டவர்களில் சிலர் கடனை மறக்கவில்லை. பிரான்சின் டாஃப்ட் பங்க் 1997-இல் வெளியிட்ட முதல் தொகுப்பில் 'டீச்சர்ஸ்' என்று ஒரு பாட்டு உண்டு. தங்கள் ஆசிரியர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வதுதான் அந்தப் பாட்டு. சிகாகோக்காரர்களும் டெட்ராய்ட்காரர்களும் அதில் நிறைய இருக்கிறார்கள். கச்சேரி மேடையில் குருவின் பெயரைச் சொல்லாமல் தொடங்காத நமக்கு இந்தப் பண்பு புரியாததல்ல.

இன்று ஒரு மடிக்கணினி இருந்தால் டிபி-303-இன் ஒலி உட்பட ஆயிரக்கணக்கான ஒலிகள் கைக்கு வந்துவிடுகின்றன. கருவி கிடைப்பது சிரமமாக இருந்த காலம் போய்விட்டது. ஒன்றோடொன்று சேராதவற்றை ஒரே இரவில் கேட்கவைத்த வானொலி அறிவிப்பாளரைப் போன்றவர்கள்தான் அரிதாகிவிட்டார்கள். நமக்கு ஏற்கெனவே பிடித்ததைப் போன்றதையே கணினி மேலும் மேலும் எடுத்து நீட்டுகிறது. அதனால், இந்த இசையில் இறங்க விரும்பும் இளைஞரிடம் 'என்ன வாத்தியம் படித்தாய்?' என்று கேட்பதைவிட, 'யாரையெல்லாம் கேட்டிருக்கிறாய்?' என்று கேட்பது பயனுள்ளது. அதற்கு விடை சொல்ல முடியாதவரிடம் பெட்டிகள் எத்தனை இருந்தும் பலனில்லை.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சரண்ஜித் சிங்கின் பைரவையும் 'ஆசிட் டிராக்ஸ்' பதிவையும் அடுத்தடுத்து ஒருமுறை கேளுங்கள். இரண்டாவது பிடிக்காமல் போகலாம், பரவாயில்லை. மியூசிக் பாக்ஸில் இருந்தவர்களுக்கும் முதல் முறை பிடிக்கவில்லை.