ரோமாபுரிப் பரிசு: தராசு யார் கையில்?

கலைஞனுக்குப் பரிசு கொடுப்பது நல்ல காரியம். அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் தராசு யார் கையில் இருக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியாது. பிரான்சின் ரோமாபுரிப் பரிசின் சரித்திரம் இந்தக் கேள்வியைத்தான் எழுப்புகிறது.

1663-ம் ஆண்டில், பதினான்காம் லூயி மன்னனின் ஆட்சியில், இப்பரிசு தோன்றியது. அரச அகாடமி போட்டி நடத்தும். வென்ற ஓவியன் சர்க்கார் செலவில் ரோமாபுரி சென்று பல ஆண்டுகள் பயிலலாம். இதற்கென்றே மந்திரி கோல்பேர் 1666-ல் அங்கு ஒரு கலாசாலையை நிறுவினார்.

ஆனால் எதை வரைவது என்பதை அகாடமியே தீர்மானித்தது. பைபிள் கதை, கிரேக்க புராணம், ரோமானிய வீரர்கள் - இவைதான் விஷயம். பத்தொன்பதாம் நூற்றாண்டில், இறுதிச் சுற்றுக்கு வந்த பத்து ஓவியர்கள் தனித்தனி அறைகளில் 72 நாட்கள் வரைய வேண்டும். முதலில் தீட்டிக் கொடுத்த மாதிரியிலிருந்து விலகக் கூடாது. கண்ணெதிரே உழுகிறவனுக்கும் நெய்கிறவனுக்கும் அந்தச் சட்டத்துக்குள் இடமில்லை!

இந்தத் தராசு எத்தனை பேரை வதைத்தது! டேவிட் பலமுறை தோற்றார். 1772-ல் மனமுடைந்து, பட்டினி கிடந்து உயிரை விடத் துணிந்தார். 1774-ல்தான் பரிசு கிட்டியது. அதே டேவிட், புரட்சியின் பிரதிநிதியாக நின்று, 1793-ல் அரச அகாடமிகளை ஒழிப்பதில் முன்னணியில் இருந்தார். எனினும் 1797-ல் பரிசு திரும்பி வந்தது. மன்னன் போனான், மன்னனின் தராசு போகவில்லை.

மிலேயும் இப்பரிசுக்கு முயன்று தோற்றவரே. அறுவடை முடிந்த வயலில் குனிந்து கதிர் பொறுக்கும் மூன்று ஏழைப் பெண்களை அவர் 1857-ல் தீட்டினார். அந்தச் சித்திரத்தை உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. பரிசு பெற்ற எத்தனையோ பேரின் பெயரே மறைந்துவிட்டது.

பெண்களின் கதை என்ன? 1903-ல்தான் அவர்கள் போட்டியில் அனுமதிக்கப்பட்டனர். ஓவியத்தில் முதற்பரிசு பெற்ற முதல் பெண் ஓடெத் போவேர், ஆண்டு 1925. பரிசு பிறந்து 262 ஆண்டுகள் கழிந்திருந்தன!

முடிவும் கவனிக்கத்தக்கது. 1968 மே மாதத்தில், பாரிஸ் கலைக்கல்லூரி மாணவர்கள் கல்லூரியைக் கைப்பற்றினர். வேலைநிறுத்தம் செய்த தொழிலாளருக்காக இரவு பகலாகச் சுவரொட்டிகள் அச்சிட்டனர். எந்தச் சுவரொட்டியிலும் கலைஞனின் கையெழுத்து இல்லை. அவற்றை மதிப்பிட எந்த அகாடமியும் உட்காரவில்லை, தெருவே பார்த்தது. அந்த ஆண்டிலேயே, கலாசார மந்திரி மால்ரோ பழைய போட்டியை ஒழித்தார்.

பரிசுகள் இன்றும் எங்கும் வழங்கப்படுகின்றன. ஒவ்வொரு மேடையைப் பார்த்தும் நாம் கேட்போம்: விஷயத்தைக் குறித்தவர் யார்? தீர்ப்பளித்தவர் யார்? வாசலிலேயே நிறுத்தப்பட்டவர் யார்? இவற்றுக்கு நேர்மையாகப் பதில் சொல்லும் பரிசுக்கே மக்களின் கைதட்டல் உரியது.