பெயரைத் தேடும் கைகள்

ஒரே ஊர், இரண்டு இடுகாடுகள். ஊர், அமெரிக்காவிலே வர்ஜீனியா மாநிலத்தின் தலைநகரான ரிச்மண்ட்.

முதலாவது இடுகாடு, ஜேம்ஸ் ஆற்றங்கரையிலே உள்ள ஹாலிவுட் கல்லறைத் தோட்டம். சினிமாப் பட்டணமல்ல, தோழர்களே, பெயர் மட்டுந்தான் அது! அமெரிக்காவின் குடியரசுத் தலைவர்களாக இருந்த மன்றோவும் டைலரும் அங்கே உறங்குகிறார்கள். அடிமை முறையைக் காப்பாற்றத் துப்பாக்கி தூக்கிய தென்னகக் கூட்டமைப்பின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் உறங்குகிறார். அவருடைய சிப்பாய்கள் ஏறத்தாழ 18,000 பேர் உறங்குகிறார்கள். அவர்களுக்காக 1869ல், 90 அடி உயரத்தில் கருங்கற் கோபுரம் ஒன்று எழுப்பினார்கள். தோற்ற படைக்கு அத்தனை உயரம்!

இரண்டாவது, ஊரின் கிழக்கெல்லையிலே உள்ள ஈஸ்ட் எண்ட். 1897ல் கறுப்பின மக்கள் தங்களுக்கென்று அமைத்துக் கொண்ட 16 ஏக்கர் இடுகாடு. அங்கே கோபுரம் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை கல்லறையே கண்ணுக்குத் தெரியவில்லை! மார்பளவுப் புதர், மரத்தைச் சுற்றிக் கல்லையும் சுற்றிய கொடி, இடையிலே யார் யாரோ இரவோடிரவாகக் கொட்டிவிட்டுப் போன குப்பை, தேய்ந்த டயர்.

டயருக்கடியிலே கிடந்தவர்கள் யார்? நாதியற்றவர்களா? அல்ல. ஆசிரியர்கள், மருத்துவர்கள், கடைக்காரர்கள், கூலிக்காரர்கள், முதல் உலகப் போரிலே அமெரிக்கச் சீருடை அணிந்தவர்கள். கறுப்பினக் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்த ஆசிரியை ரோசா டிக்சன் பௌசர் அங்கேதான் இருக்கிறார். பக்கத்திலேயே எவர்கிரீன் என்னும் இன்னோர் இடுகாடு, 1891ல் தோன்றியது. அங்கே இருப்பவர் மேகி லீனா வாக்கர். சலவைத் தொழிலாளியின் மகள். 1903ல் ஏழைகளின் செப்புக் காசுகளைச் சேர்த்து வங்கி கண்ட வீராங்கனை. அவருக்கு அண்டை வீட்டுக்காரர்போல ஜான் மிட்செல். 1863ல் அடிமையாகப் பிறந்து, 21 வயதிலே 'ரிச்மண்ட் பிளானட்' ஏட்டின் ஆசிரியராகி, கறுப்பரை மரத்திலே தூக்கிலிட்ட வெறியர்களை எதிர்த்து எழுதியவர். 1904ல் டிராம் வண்டியிலே நிறவேற்றுமை புகுந்தபோது, ஏறாதே, நட என்று மக்களை நடக்கச் சொன்னவர்கள் இந்த இருவரும்.

இப்படிப்பட்டோர் உறங்கும் இடம் ஏன் காடாயிற்று? பிள்ளைகள் நன்றி மறந்தார்கள் என்பார்கள் சிலர். நாம் அதை ஒப்பமாட்டோம்.

அந்த இடுகாட்டிலே புல் வெட்டக் கூலியாள் கிடையாது. நிரந்தரப் பராமரிப்புக்கு நிதி கிடையாது. அவரவர் குடும்பம் அவரவர் கல்லறையைத் துப்புரவு செய்ய வேண்டும். நிறவெறிச் சட்டம் கழுத்தை நெரித்தது. வேலை தேடி வடக்கே போயின பல குடும்பங்கள். அரிவாள் பிடித்த கை ஊரைவிட்டுப் போயிற்று. புதர் ஊருக்குள் வந்தது. அதே காலத்தில், நூறாண்டுக்கு மேலாக, தென்னகச் சிப்பாய்களின் கல்லறைகளைப் பேண வர்ஜீனியா சர்க்கார் பொதுப்பணம் கொடுத்து வந்தது. அந்தப் பணத்திலே கறுப்பனின் வரியும் கலந்திருந்தது! தன்னை அடிமையாக வைத்திருக்கப் போரிட்டவனின் கல்லறையிலே புல் வெட்டக் காசு கொடுத்தான். தன் தாயின் கல்லறையிலே புல் முளைத்தது.

2013ல் தொண்டர்கள் சிலர் கிளம்பினார்கள். கறுப்பரும் வந்தனர், வெள்ளையரும் வந்தனர், கல்லூரி மாணவரும் வந்தனர். கையிலே கத்தரி, மண்வெட்டி, வாளித் தண்ணீர், மென்மையான தூரிகை. கொடியை அறுத்தார்கள், மண்ணுக்குள் சாய்ந்த கல்லை நிமிர்த்தினார்கள், கழுவினார்கள், எழுத்தைப் படித்தார்கள். ஆயிரக்கணக்கான கற்கள் வெளிச்சத்துக்கு வந்தன.

கல் கிடைத்ததோடு வேலை முடியவில்லை, அங்கேதான் தொடங்கியது. கல்லிலே இருப்பது ஒரு பெயர், ஓர் ஆண்டு. அவர் யார்? இறப்புப் பதிவேட்டைப் புரட்டினார்கள். மிட்செல் நடத்திய அதே ஏட்டின் பழைய இதழ்களிலே இரங்கற் செய்தி தேடினார்கள். குடிமதிப்புக் கணக்கைப் பார்த்தார்கள். எண்ணிப் பாருங்கள்: 1860ஆம் ஆண்டுக் கணக்கிலே அடிமைக்குப் பெயர் இல்லை. எஜமானின் பெயர் இருக்கும். கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். மாட்டுக்கணக்கு! 1870ஆம் ஆண்டுக் கணக்கிலேதான் விடுதலை பெற்றோர் அனைவரும் பெயரோடு இடம் பெற்றார்கள். பெயரில்லாமல் பிறந்து, பெயரோடு வாழப் போராடி, பெயர் பொறித்த கல்லுக்குக் கீழே படுத்தவரின் பெயரை மறுபடியும் புதர் விழுங்கலாமா? அதனால்தான் சொல்கிறோம்: அவர்கள் வெட்டியது புல்லையல்ல, இரண்டாவது அடிமைத்தனத்தை!

சர்க்கார் என்ன செய்தது? 2017ல் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றி, ஈஸ்ட் எண்ட், எவர்கிரீன் இடுகாடுகளுக்கும் பொதுப்பணம் உண்டென்றது. வரவேற்கிறோம். ஆனால் நூறாண்டு தாமதத்துக்கு வட்டி எங்கே என்று கேட்காமலிருக்க முடியவில்லை. பிறகு, நிலம் ஓர் அறக்கட்டளையின் கைக்குப் போயிற்று; 2022ல் அந்த அறக்கட்டளையே கலைந்தது. வியர்வை சிந்தியவர்களும், கல்லறைக்குள் இருப்பவர்களின் பேரப்பிள்ளைகளும், இனி யார் பொறுப்பு என்று திகைத்து நின்றார்கள்.

இதிலேதான் நமக்குப் பாடம் இருக்கிறது. தொண்டு உயர்ந்தது, தலை வணங்குகிறோம். ஆனால் தொண்டன் ஞாயிற்றுக்கிழமை வருவான். புதர் ஏழு நாளும் வளரும்! ஒரு சாராரின் கல்லறைக்குச் சட்டம் காவல், மற்றவரின் கல்லறைக்கு நல்லவர்களின் ஓய்வுநேரம் காவல் என்றால், அது ஈகையல்ல, ஏற்றத்தாழ்வு. தொண்டனைப் பாராட்டிவிட்டுச் சர்க்கார் கைகட்டி நிற்பது, பாராட்டல்ல, தப்பித்தல்.

செத்தவருக்கு என்ன மானம், இருப்பவருக்குச் சோறு போடுங்கள் என்று வாதாடுவோர் உண்டு. சோறு வேண்டியதுதான். ஆனால் உழைக்கும் மக்களிடம், உன் பாட்டனுக்கு வரலாறு இல்லை என்று சொல்பவன்தான், அடுத்த மூச்சிலே, உனக்கு உரிமை இல்லை என்றும் சொல்கிறான். கல்லிலே பெயர் இருந்தால், பேரன் அதைக் காட்டி நிமிர்ந்து நிற்பான்.

90 அடிக் கோபுரம் அங்கே நிற்கட்டும். நாம் இடிக்கச் சொல்லவில்லை. ஈஸ்ட் எண்டிலே, முழங்காலிட்டு மண்ணைத் துடைக்கும் ஒருவர், மங்கிய எழுத்தை விரலால் தடவி, ஒரு பெயரை உரக்கப் படிக்கிறாரே, அந்தக் குரல் அதைவிட உயரம்!